பதின்மூன்றரை அங்குலம்

படுக்கையறைக் கதவைப் பாதிக்கு மேல் சாத்தி, அது நகராமலிருக்க இரண்டு செங்கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு, அந்த இடைவெளியில் பக்கவாட்டில் நுழைந்த நரசிம்மன் நடுவில் மாட்டிக்கொண்டார். உள்ளேயும் போக முடியவில்லை, வெளியேயும் வர முடியவில்லை. அந்த நேரம் பார்த்து அவர் மனைவி ராஜம் காப்பி டம்ளரோடு வந்து நின்றாள்.

"ஏன்னா, என்ன இது?"

"பதின்மூன்றரை அங்குலம்."

"எது?"

"இந்த இடைவெளி. பேச்சுக் கொடுக்காதே. பேசினா மூச்சு விடணும். மூச்சு விட்டா வயிறு முன்னாடி வரது."

ராஜம் செங்கல்லைக் காலால் தள்ளினாள். கதவு திறந்துகொண்டது. நரசிம்மன் கட்டிலில் போய் விழுந்தார்.

"அங்கே செங்கல் இல்லை ராஜம். பாறை. காலால தள்ள முடியாது" என்றார் பரிதாபமாக.

நரசிம்மன் கல்பாக்கத்தில் ஒர்க்‌ஷாப் ஃபோர்மேன். முப்பது வருஷமாக இரும்பை ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் வரை அளந்து பழகியவர். வேலை முடியும் முன்பே 'முடிந்தது' என்று எவனாவது சீட்டில் எழுதினால் அவனை நிற்கவைத்துத் திட்டுவார். அப்படிப்பட்டவர், மகள் ஹரிப்ரியாவின் ஜாதகத்தோடு அனுப்பிய குறிப்பில், 'எம்.சி.ஏ. தேறியவள்' என்று தன் கையாலேயே எழுதியிருந்தார். ஹரிப்ரியாவுக்கு ஒரு பேப்பர் பாக்கி. இரண்டு முறை எழுதிப் போய்விட்டது. மூன்றாவது முறை எழுதியதற்கு அடுத்த மாதம்தான் ரிசல்ட்.

"தேறத்தானே போறா? ஒரு மாசம் முன்னாடியே எழுதினேன், அவ்வளவுதான்" என்று அப்போது சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஜாதகம் பொருந்திவிட்டது. மாப்பிள்ளை ஷ்யாம் சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. பி.ஈ., அதன் மேல் தபாலில் எம்.பி.ஏ. அப்பா இல்லை. அம்மா பார்வதம் நங்கநல்லூரில் கோயில், குளம் என்று இருப்பவர். ஷ்யாமும் ஹரிப்ரியாவும் ஃபோனில் இரண்டு முறை பேசினார்கள். இரண்டாவது முறை ரிசீவரை வைத்த பிறகும் ஹரிப்ரியா சிரித்துக்கொண்டே சமையலறைக்குப் போனாள். அதை நரசிம்மன் பார்த்துவிட்டார். பயம் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

"அப்பா, அந்த பேப்பர் விஷயத்தைச் சொல்லிடுங்கோ. நான் சொல்றதைவிட நீங்க சொன்னாத்தான் மரியாதை" என்றாள் ஹரிப்ரியா.

"சொல்றேம்மா. நேரம் பாத்துச் சொல்றேன்."

நேரம் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பார்வதம் மாமி ஃபோன் செய்தார்.

"மாமா, பொண் பாக்கறது, சொஜ்ஜி பஜ்ஜி, பாட்டுப் பாடச் சொல்றது, இதெல்லாம் எனக்குப் பிடிக்காது. உங்க பக்கத்துல செய்யூர் தாண்டி மெய்ப்பாறைன்னு ஒரு குன்று இருக்காமே? ரெண்டு பாறைக்கு நடுவுல ஒரு சந்தாம். பொய் சொன்னவாளை அது பிடிச்சுக்குமாம். ரெண்டு குடும்பமும் அதுல நுழைஞ்சு போய்ப் பிள்ளையாரைப் பாத்துட்டு வந்துட்டா அதைவிட நிச்சயதார்த்தம் வேற என்ன வேணும்?"

"பேஷா" என்றார் நரசிம்மன். இரண்டு வாரம் தள்ளி ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று நாளும் குறித்தாயிற்று.

அந்தச் சனிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் டேப்பை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

மெய்ப்பாறை சின்னக் குன்றுதான். யானைக் கூட்டம் படுத்துத் தூங்குவது போல உருண்டை உருண்டையாகப் பாறைகள். பாதி ஏறினாலே கீழே ஏரியும், வேர்க்கடலைக் கொல்லைகளும், அதற்கப்பால் சவுக்குத் தோப்பும், அதற்கும் அப்பால் நீலக் கோடாகக் கடலும் தெரியும். நரசிம்மன் எதையும் பார்க்கவில்லை. நேராகச் சந்துக்குப் போனார். இரண்டு ஆள் உயரப் பாறைகள், நடுவே ஒரு கீற்று வெளிச்சம். அந்தப் பக்கம் ஒரு குட்டிப் பிள்ளையார் கோயில். வேறு வழி கிடையாது.

வயிற்று உயரத்தில் டேப்பை வைத்தார். மிகக் குறுகிய இடம் பதின்மூன்றரை அங்குலம். இரண்டாம் முறை அளந்தார். பாறை மனம் மாறவில்லை.

"இன்னா சார், கல்லு வெலைக்கு கேக்க வந்தியா?"

சந்துக்கு முன்னால் இருந்த சமதளத்தில், ஓலைப் பந்தலின் கீழ் மோர்ப் பானையும் பூக்கூடையும் வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கண்ணகி என்று பெயர். கீழே இருக்கும் ஊர்க்காரி.

"சும்மா பாத்தேம்மா. இந்தக் கதையெல்லாம் நிஜமா?"

"நெஜமாவான்னா? மாடு திருடுனவன் ஒருத்தன் நான் இல்லவே இல்லன்னு சத்தியம் பண்ணிக்கினு நின்னான். அப்ப இங்க தங்கியிருந்த சித்தரு இன்னா பண்ணாரு? 'சரிப்பா, இதுக்குள்ள பூந்து போ'ன்னாரு. பாதி போனான், கப்புனு புடிச்சுக்கிச்சு. 'ஐயோ, நாந்தான் ஓட்டிக்கினு போனேன்'னு கத்துனான் பாரு, அப்பால வுட்டுது."

"அது சரி. உண்மையே பேசறவா கொஞ்சம் பருமனா இருந்தா?"

கண்ணகி அவரை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். "அவங்களுக்குப் பாறையே வழி வுடும் சார். போன மாசம் ஒரு அம்மா வந்துச்சு. உன்னப்போல ரெண்டு பங்கு. தண்ணி மாரி பூந்து போச்சு."

நரசிம்மனுக்கு இருந்த ஒரே நம்பிக்கையும் போயிற்று.

"நான் வந்ததை யார்கிட்டேயும் சொல்லாதேம்மா."

"நா ஏன் சார் சொல்லப் போறேன்? இப்டி சொல்லிட்டுப் போறவங்க வாரத்துக்கு ரெண்டு பேரு."

திங்கட்கிழமை மதியம் ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, கூட வேலை பார்க்கும் ஞானதாஸ் பெரிய காலிப்பரை எடுத்து நரசிம்மனை முதுகிலிருந்து தொப்புள் வரை அளந்தார்.

"பதினஞ்சேகால் சார்."

"மூச்சை இழுத்துண்டு?"

"இழுத்துக்கிட்டுத்தான் பதினஞ்சேகால்."

ஒன்றே முக்கால் அங்குலம் அதிகம். இரும்பாக இருந்தால் கடைசலில் போட்டுச் சீவி எடுத்திருக்கலாம். இது வயிறு.

அன்றிலிருந்து வெள்ளரிக்காயும் நீர்மோரும்தான் சாப்பாடு. நான்காம் நாள் ஒர்க்‌ஷாப்பில் தலை சுற்றி உட்கார்ந்தவரை ஞானதாஸ் தன் ஸ்கூட்டரில் வைத்துக் குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுவந்து விட்டார். அவரைக் கட்டிலில் படுக்கவைத்த நிமிஷத்தில் ஃபோன் அடித்தது. பார்வதம் மாமி.

"மாமா எங்கே? நாள் நிச்சயம்தானான்னு கேக்கத்தான் பண்ணேன்."

"படுத்துண்டிருக்கார்" என்று சொல்லிவிட்டு ராஜம் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஐயையோ, உடம்புக்கு என்ன?"

பெண்ணின் அப்பாவுக்குச் சீக்கு என்று ஆகிவிட்டால் சம்பந்தம் என்னாவது? ராஜம் சட்டென்று சொன்னாள்: "உடம்பெல்லாம் நன்னா இருக்கு மாமி. மெய்ப்பாறைப் பிள்ளையாருக்காக விரதம் இருக்கார். அதான் களைப்பு."

"விரதமா? அப்படிப்பட்ட மனுஷரா?" பார்வதம் மாமி உருகிப்போனார். "அவர் விரதத்தை நான்தான் முடிச்சு வைப்பேன். என் கையாலே பொங்கலும் வடையும் பண்ணி எடுத்துண்டு வரேன். வேண்டாம்னு சொல்லப்படாது."

ராஜம் ரிசீவரை வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள்.

"விரதம்னு ஏன்டி சொன்னே? இப்போ அதுவும் ஒரு பொய்! பாறைக்கு ரெண்டாச்சு!" என்று முனகினார் நரசிம்மன்.

"முதல் பொய் யாரோடதாம்?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு மறுபடி காலிப்பர் வைத்துப் பார்த்தார்கள். பதினாலரை. இன்னும் ஓர் அங்குலம்.

"சார், டைட்டா இருக்கிற ஷாஃப்டை நாம எப்படி ஏத்துவோம்?" என்றார் ஞானதாஸ். "ஆயில் போட்டுத்தானே?"

நரசிம்மனின் முகம் மலர்ந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பனியனுக்குள் உடம்பெல்லாம் கால் லிட்டர் தேங்காய் எண்ணெயைப் பூசிக்கொண்டு நரசிம்மன் மெய்ப்பாறை ஏறினார். கூட ராஜமும் ஹரிப்ரியாவும். பாதி வழியிலேயே வெயிலுக்கு எண்ணெய் இளகி வேட்டி வரை இறங்கிவிட்டது. மேலே ஓலைப் பந்தலருகே பார்வதமும் ஷ்யாமும் முன்பே வந்து காத்திருந்தார்கள். ஷ்யாம் குழல்விளக்கு மாதிரி ஒல்லி. பார்வதம் மாமி அப்படி இல்லை. நல்ல வாட்டசாட்டம், நெற்றியில் பளிச்சென்று குங்குமம், கையில் நாலடுக்குக் கேரியர்.

கண்ணகி எல்லோருக்கும் மோர் ஊற்றிக் கொடுத்தாள். "எந்த ஊரு சார்?" என்று நரசிம்மனை முன்பின் பார்க்காதவள் போல விசாரித்தாள். "உனுக்கு எந்த ஊரும்மா?" என்று பார்வதத்தையும் கேட்டாள். நரசிம்மன் மனசுக்குள்ளேயே அவளுக்கு ஒரு கும்பிடு போட்டார். ஒரு டம்ளர் மோரைவிட இப்படித் தெரியாதது போல இருப்பது எவ்வளவு பெரிய உபகாரம்!

"முதல்ல சாப்பிடலாம்" என்றார் பார்வதம்.

"தரிசனம் ஆகலையே மாமி..."

"பிள்ளையாருக்குத் தெரியாத சாப்பாடா? கோவிச்சுக்கவே மாட்டார். உக்காருங்கோ."

முதலில் பொங்கல். பிறகு வடை. நரசிம்மன் இலையை மடிக்கப் போகும்போதெல்லாம் மாமி இன்னொரு கரண்டி வைத்தார். பன்னிரண்டு நாள் வெள்ளரிக்காய் தின்றவர்முன் நெய் மணக்கும் பொங்கல் வந்து விழுந்தால் மனிதர் என்ன செய்வார்? மூன்றாம் கரண்டிக்குப் பிறகு அவர் மறுப்பதையே நிறுத்திவிட்டார். வடை ஐந்து. அதன் மேல் ஒரு டம்ளர் பாயசம். ஒவ்வொரு வாய்க்கும் எத்தனை அங்குலம் என்று ஒரு மூலையில் மனசு கணக்குப் போட்டபடியே இருந்தது.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார்கள். பார்வதம் சந்துப் பக்கமே திரும்பவில்லை. ஏரியைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். "அந்த வெள்ளையாத் தெரியறதே, அது என்ன?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு முந்தானையால் விசிறிக்கொண்டு, "வெயில் ஏறிடுத்து மாமா. கோபுரத்தை இங்கேருந்தே பாத்தாச்சு. சந்தெல்லாம் இன்னொரு நாள் வச்சுக்கலாமா?" என்றார்.

ராஜத்தின் முகத்தில் ஆயிரம் விளக்கு எரிந்தது. சரி என்று சொல்லுங்கோ என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

நரசிம்மனும் வாயைத் திறந்துவிட்டார். அதற்குள் ஒரு சந்தேகம் வந்தது. சந்தில் நுழைய வேண்டும் என்று சொன்னதே இந்த அம்மாள்தானே? இப்போது வேண்டாம் என்றால் என்ன அர்த்தம்? நாம் சந்தோஷமாகத் தலையாட்டுகிறோமா என்று பார்க்கிறார். இது ஒரு பரீட்சை!

"சேச்சே! இவ்வளவு தூரம் வந்துட்டுப் பாக்காம போறதாவது? வாங்கோ" என்று எழுந்துவிட்டார்.

"அப்போ... நீங்க முதல்ல" என்றார் பார்வதம்.

"இல்லை, நீங்க முதல்ல."

"ஆம்பிளை முன்னாடி போனாத்தான் முறை."

"பெரியவா நீங்க."

இவர்கள் இப்படி மரியாதை செய்துகொண்டிருந்தபோதே ஷ்யாமும் ஹரிப்ரியாவும் பேசிக்கொண்டே சந்துக்குள் போய், பேசிக்கொண்டே அந்தப் பக்கம் வெளியே போய்விட்டார்கள். நடுவில் பாறை இருந்ததே அவர்களுக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை. பின்னாலேயே ராஜம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நுழைந்தாள். விரதப் பொய் சொன்னவள்தான். ஆனாலும் அந்த உடம்பில் பிடிப்பதற்குப் பாறைக்கு ஒன்றும் அகப்படவில்லை.

நரசிம்மன் பிள்ளையாரை நினைத்துக்கொண்டு நுழைந்தார்.

எண்ணெய் வேலை செய்தது. முதல் மூன்றடி வழுக்கிக்கொண்டு போனார். ஞானதாஸ் வாழ்க என்று நினைத்த அதே கணத்தில், மிகக் குறுகிய இடத்தில் போய்ச் செருகிக்கொண்டார். சும்மா நடந்து வந்திருந்தால் ஓரத்திலேயே நின்றிருப்பார், திரும்பியிருக்கலாம். எண்ணெய் அவரை ஆழமாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது.

"கையைக் கொடுங்க அங்கிள்!" ஷ்யாம் அந்தப் பக்கத்திலிருந்து பிடித்து இழுத்தான். கை மீன் போல நழுவியது. ஷ்யாம் பின்னால் போய் விழுந்தான்.

"என்ன அங்கிள், கையெல்லாம் எண்ணெய்?"

"வே... வேர்வை" என்றார் நரசிம்மன். சொன்னவுடன் பாறை இன்னும் கொஞ்சம் இறுக்கியது போலிருந்தது.

அதற்குள் செய்யூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் பின்னால் வரிசை கட்டிவிட்டது.

"இன்னா, நவுராம நிக்குறாரு?"

"பொய் சொல்லிக்கீறாரு போல."

"சார்! சீக்கிரமா உள்ளத சொல்லிட்டு வா சார். கைக்கொழந்த வச்சிக்கினு நிக்கிறோம்."

"அசையாத சார், அசஞ்சா இன்னும் எறங்கும்" என்று பந்தலிலிருந்து கண்ணகி குரல் கொடுத்தாள். "எதுனா கீதுன்னா சொல்லிடு. வுட்டுடும்."

நரசிம்மன் கண்ணை மூடிக்கொண்டார். சின்னதாக ஒன்றைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

"அது வேர்வை இல்லை. தேங்காய் எண்ணெய்."

பாறை விடவில்லை.

"விரதமும் இல்லை. வயித்தைக் குறைக்கத்தான் பட்டினி கிடந்தேன்."

"இன்னும் கீதா?" என்றது பின்வரிசை.

"ரெண்டு வாரம் முன்னாடி ஒரு சனிக்கிழமை டேப்பை எடுத்துண்டு வந்து இந்தச் சந்தை அளந்துட்டுப் போனேன்."

"அடேங்கப்பா!" என்றார் பின்னால் ஒருவர்.

சந்தின் அந்த முனையில் ஹரிப்ரியாவின் முகம் தெரிந்தது. அப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு நல்லது என்று நினைத்து எழுதிய ஒரு வரிக்காக, அவளே தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்கிறதே என்று நரசிம்மனுக்கு அப்போதுதான் உறைத்தது. இனி சம்பந்தம் போனாலும் போகட்டும். அந்தக் குழந்தை நிமிர்ந்து நிற்கட்டும்.

"பார்வதம் மாமி!" என்று உரக்கக் கூப்பிட்டார். "ஹரிப்ரியா எம்.சி.ஏ. தேறலை. ஒரு பேப்பர் பாக்கி. ரெண்டு தடவை போயிடுத்து. அவ உங்ககிட்டே சொல்லிடச் சொல்லித்தான் சொன்னா. நான்தான் தேறிட்டதா எழுதினேன். தப்பு என்னோடது. குழந்தை மேல ஒண்ணுமில்லை. என்னை மன்னிச்சுடுங்கோ!"

பன்னிரண்டு நாளாக இழுத்துப் பிடித்திருந்த மூச்சு முழுவதும் அந்தப் பேச்சோடு வெளியே போயிற்று. உடம்பு தளர்ந்தது. அதே சமயம், பின்னாலிருந்து ஒரு கை அவர் தோளில் பதிந்து மெல்லத் தள்ளியது. வெளியே நின்றபடி கையை நீட்டித் தள்ளியது பார்வதம் மாமிதான்.

"போங்கோ மாமா, போங்கோ" என்றார்.

நரசிம்மன் ஒரு சின்ன வழுக்கலோடு அந்தப் பக்கம் வந்து விழுந்தார். பின்வரிசை கை தட்டியது. அது மூச்சு செய்த வேலையா, மாமியின் கை செய்த வேலையா, எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளையார் செய்த வேலையா என்று அவர் ஆராயவில்லை. மூன்றுக்கும் சேர்த்து ஒரு நமஸ்காரம் செய்தார்.

ஹரிப்ரியா முந்தானையால் அப்பாவின் சிராய்ப்பைத் துடைத்தாள். ஷ்யாம் எதையோ சொல்ல வாயெடுத்தான். சந்துக்கு அந்தப் பக்கம் நின்ற அம்மாவைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

எல்லோரும் பார்வதம் மாமிக்காகக் காத்திருந்தார்கள். மாமி வரவில்லை.

"மாமி, வாங்கோ" என்று கூப்பிட்டாள் ராஜம்.

"இல்லை... நான் இங்கேருந்தே பிள்ளையாரைக் கும்பிட்டுக்கறேன். நீங்க எல்லாரும் பாத்துட்டு வாங்கோ."

நரசிம்மனுக்குப் புரிந்துவிட்டது. பொய்யர் குடும்பம் நிற்கும் பக்கம் வருவதற்குக்கூட அந்த அம்மாளுக்கு மனமில்லை. எல்லாம் முடிந்தது. ராஜம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஹரிப்ரியா ஷ்யாமைப் பார்க்காமல் கடலைப் பார்த்தாள்.

"மாமி, உங்க முடிவு எதுவானாலும் நான் தப்பாவே நினைக்க மாட்டேன்" என்று சந்து வழியாகக் கையெடுத்துக் கும்பிட்டார் நரசிம்மன். "ஆனா எங்க மேல இருக்கற கோவத்துல பிள்ளையாரைப் பாக்காம போயிடாதேங்கோ."

பார்வதம் மாமி பாறையையே பார்த்துக்கொண்டு நின்றார். கைக்குழந்தைக்காரர் பொறுமையிழந்து செருமினார்.

மோர் மொண்டுகொண்டிருந்த கண்ணகிக்கு அதற்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க மனம் வரவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, மாமியின் முதுகில் ஆதரவாகத் தட்டிச் சொன்னாள்:

"அட, பயப்படாம போ தாயீ! புள்ளைக்கு எம்.பி.ஏ.ல ரெண்டு பேப்பரு பாக்கின்னு போன வெள்ளிக்கெழமையே இதுல மாட்டிக்கினு அழுதுக்கினே ஒத்துக்கினியே, இனிமே பாறை உன்ன இன்னா பண்ணப் போவுது?"